உட்காருவதற்கு ஒரு சட்டம்

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஜவுளிக் கடை ஒன்றின் இரண்டாம் மாடி, காட்டன் புடவைப் பிரிவு. எனக்குப் புடவை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒவ்வொரு புடவையை விரிக்கும்போதும் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மேல்தட்டில் இருந்த மாம்பழ நிறத்தை எடுக்கச் சொன்னேன். கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்தாள். அதன்மேல் ஏறி நின்று புடவையை எடுத்தாள். இறங்கியதும் ஸ்டூலைக் காலால் பழையபடி உள்ளே தள்ளினாள்.

அந்தத் தளத்தில் விற்பனைப் பெண்களின் பக்கம் நான் பார்த்த ஒரே இருக்கை அதுதான். அதுவும் ஏறி நிற்பதற்கு.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காருவதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டப்பேரவையில் அறிமுகம் செய்த திருத்த மசோதாவின் வழியாக, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. இதற்கான யோசனை 2019இலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டிருந்தது. கேரளத்துக்கு அடுத்து இப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் நாம்தான். பிரிவின் சாரம் இது: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காருவதற்கு வாய்ப்பு ஏற்படும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றே கழிக்கும் நிலை அதனால் தவிர்க்கப்பட வேண்டும்.

இதில் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று நாற்காலி, மற்றது வாய்ப்பு. நாற்காலியை எண்ணிவிடலாம், ரசீது காட்டலாம், ஆய்வாளர் வந்தால் கைநீட்டிக் காட்டலாம். வாய்ப்பு ஏற்பட்டுவிட்டது என்று யார் சொல்வது? நிற்கிற பெண்ணா, மாடிப்படி முகப்பில் கைகட்டி நிற்கும் சூப்பர்வைசரா, மேலே சுழலும் கேமராவுக்குப் பின்னால் இருப்பவரா? பிரிவில் அதற்குப் பதில் இல்லை. ஒரு பெண் தன் உடம்புக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கலாமா என்ற பழைய சண்டைதான் இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியும். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்றொரு கடைவீதி உண்டு. அல்வாவுக்கும் துணிக்கும் பேர்போன இடம். அங்கே வேலை பார்த்த பெண்களின் முதல் கோரிக்கை நாற்காலி அல்ல, கழிப்பறை. பல கடைகளில் அது கிடையாது. சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் பக்கத்து ஓட்டலுக்குப் போய், அதற்காகவே ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வரவேண்டும். அந்த டீ மறுபடி அதே பிரச்சினையில் கொண்டுபோய் விடும் என்பதால், பெரும்பாலோர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அந்தத் தெருவில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி என்பவர் இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்தார். கூட்டத்துக்கு ‘பெண்கூட்டு’ என்று பெயர். இருக்கிற தொழிற்சங்கங்களுக்குக் கழிப்பறையும் நாற்காலியும் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. போனஸ், பஞ்சப்படி என்று பழகிய நாக்குக்கு மூத்திரம் என்ற சொல் வருவது கஷ்டம்தான். ஆகவே பெண்கள் தங்களுக்கென்று அமைப்புசாராத் தொழிலாளர் சங்கம் ஒன்றைத் தனியாகவே அமைத்துக்கொண்டார்கள்.

2014 டிசம்பர் முடிவில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் முன்னால் ஆறு பெண்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தங்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அவர்களுடைய புகார். நூறு நாளுக்கு மேல் நடந்த அந்தப் போராட்டத்துக்கு ‘உட்காரும் போராட்டம்’ என்றே பெயர் வந்தது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கடைக்குள் உட்கார முடியாதவர்கள், அந்த உரிமையைக் கேட்பதற்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

கேரளம் இதைக் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 1899இலேயே கடை உதவியாளர்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று கணக்குச் சொன்ன சட்டம் அது. பெண்களுக்கு மட்டும்தான் செல்லும். மூவருக்கு ஒன்று என்றால் மற்ற இருவரும் எந்த நேரமும் நிற்கத்தான் வேண்டும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964இல் வணிக நிலையங்கள், அலுவலகங்களின் சுகாதாரம் பற்றி நிறைவேற்றிய 120ஆம் உடன்படிக்கை, போதுமான இருக்கைகள் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அவற்றைப் பயன்படுத்த ஊழியர்களுக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்றும் சேர்த்தது. வாய்ப்பு தானாக ‘ஏற்படுவது’ வேறு, அது ‘தரப்படுவது’ வேறு. தமிழ் வாசகருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் வந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வரும்வரை நடப்பில் இருந்தது. அதன் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டிய எல்லாத் தொழிலாளருக்கும் உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. ஒரு வேலையை உட்கார்ந்தபடியே திறமையாகச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அதற்கான இருக்கைகளைப் போடும்படி ஆலை முதலாளிக்கு உத்தரவிடலாம். அதாவது உட்கார்ந்து செய்யலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய முதலாளிக்கு வெளியே ஓர் ஆள் இருந்தார். ஓராண்டு முந்தி வந்த கடைகள் சட்டத்தில் இதெல்லாம் இல்லை. 74 ஆண்டுகள் கழித்து ஒரு பிரிவைச் சேர்த்தபோதும், நாற்காலி வந்ததே தவிர அந்த வெளியாள் வரவில்லை.

1947இல் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? எனக்கு ஓர் ஊகம் உண்டு. அன்றைய ஜவுளிக் கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி போட்ட மெத்தை, அல்லது ஜமுக்காளம். கடைக்காரர் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார்கள். எடுபிடிப் பையன் மட்டும் எழுந்து எழுந்து அலமாரியிலிருந்து கட்டுகளைக் கொண்டுவந்து போடுவான். காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் பட்டு விற்கும் சில கடைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். விற்பவர் ஆணாக இருந்தவரை, உட்கார்ந்து விற்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு தெரியவில்லை. பிறகு கடைகள் மாடி மாடியாக உயர்ந்தன, கண்ணாடிக் கவுன்ட்டர் வந்தது, கவுன்ட்டருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெண்கள் வந்ததால்தான் நாற்காலி போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன நாற்காலியை யாரும் தேடாததற்கு, நிற்பவள் பெண் என்பது ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைய பெரிய கடைக்குள் நுழைந்து, யார் யாருக்கு இருக்கை என்று ஒரு கணக்கெடுங்கள். பட்டுப் பிரிவில் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த நாற்காலி. பில் போடுபவருக்குச் சுழல் நாற்காலி. முதலாளிக்கோ அவர் மகனுக்கோ கல்லா. ‘கல்லாவில் உட்காருவது’ என்றாலே கடை யாருடையது என்பது விளங்கிவிடும். இதெல்லாம் போக, தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான சோபா இருக்கும். மனைவி புடவை எடுத்து முடிக்கிறவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சலிப்போடு காத்திருக்கும் கணவன்மார்களுக்காக. எந்தச் சட்டமும் அந்த சோபாவைப் போடச் சொல்லவில்லை. ஓர் ஆணால் ஒன்றரை மணிநேரம் சும்மா நிற்க முடியாது என்பதைக் கடை முதலாளி தானாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

வியாபாரத்துக்காகத்தான் நிற்கச் சொல்கிறோம் என்பார்கள். உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்த்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், கடை தூங்கி வழிவதாக நினைப்பார். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அந்த உண்மைக்கு நாமும் பொறுப்பு. நான் கடைக்குள் போகும்போது ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், எனக்கே ஒரு கணம் ‘இவள் எழுந்திருக்க மாட்டாளா’ என்று தோன்றியிருக்கிறது. ஆனால் எங்கள் தெருமுனையில் ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. ரவிக்கைத் துணியும் ஃபால்ஸும் விற்கிறார்கள். எட்டுக்குப் பத்து அடி இடம். முதலாளி அம்மாவும் வேலைக்கு இருக்கும் பெண்ணும் ஆளுக்கொரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துதான் துணியை அளந்து கிழிக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் வாசலில் வரிசை நிற்கும். அவர்கள் உட்கார்ந்திருப்பதால் வேறு கடைக்குப் போனவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அங்கே உட்காருகிற முதலாளியும் ஒரு பெண், அவருக்கும் கால் வலிக்கும்.

உட்காருவதை நம் மொழியே சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. வீட்டிலிருக்கும் மருமகளைக் குறை சொல்ல ‘உட்கார்ந்து சாப்பிடுகிறாள்’ என்ற ஒரே வாக்கியம் போதும். அதே சமயம் ‘நாற்காலி’ என்றால் அதிகாரம். பதவியில் ‘அமர்கிறார்கள்’, அரியணை ‘ஏறுகிறார்கள்’. கீழே இருப்பவர் உட்கார்ந்தால் சோம்பல், மேலே இருப்பவர் உட்கார்ந்தால் கௌரவம். மாமனார் எதிரில் உட்காராத மருமகள்கள் நிறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். பத்து வருடம் வேலை செய்த வீட்டில் சோபாவில் ஒருநாளும் உட்கார்ந்திராத வீட்டு வேலைப் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது நினைவிருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலிக்கா பஞ்சம்? அவர் அதில் உட்காரலாம் என்ற ஒப்புதலுக்குத்தான் பஞ்சம். ஜவுளிக் கடையில் நடப்பது இந்த அளவுக்கு இழிவானது அல்ல. என்றாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

என் சித்தி மகள் ஒருத்தி தியாகராய நகரில் ஒரு பல மாடிக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தாள். தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவள். கடையே விடுதி கொடுத்தது, சாப்பாடு கொடுத்தது. சென்னையின் பெரிய கடைகள் பலவும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து இப்படித்தான் ஆள் எடுக்கின்றன. காலை ஒன்பதரைக்குத் தளத்தில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். அதில் பாதி, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடப்பதிலேயே போய்விடும்.

கடைகள் சட்டத்தைப் படித்தால் இதெல்லாம் நடக்கவே முடியாது. நாளொன்றுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்பது அதன் பொதுக் கணக்கு. தொடர்ந்து 4 மணிநேரம் வேலை செய்தால் ஒரு மணிநேர ஓய்வு தர வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள கடைகளை 24 மணிநேரமும் திறந்து வைக்க 2019இல் அரசு அனுமதித்தபோது, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கடை கொடுத்த விடுதியில் தூங்கி, கடை கொடுத்த சோற்றைச் சாப்பிடுகிற பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கடை ஒரு காகிதத்தை நீட்டினால், அவள் என்ன செய்வாள்?

நாள் முழுவதும் நிற்பது உடம்பை என்ன செய்யும் என்பதில் மருத்துவத்துக்குக் குழப்பம் எதுவும் இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடுகிறது. ரத்தம் கீழேயே தேங்கி, பாதம் வீங்கி, காலப்போக்கில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். இடுப்பு வலி தனி. சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பெண்களை ஆண்களைவிடச் சீக்கிரம் தொற்றில் கொண்டுபோய் விடும், ஏனென்றால் பெண்ணின் சிறுநீர்க் குழாய் மிகக் குட்டையானது. மாதவிடாயின் முதலிரண்டு நாட்களைப் பற்றி என் சித்தி மகள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் ஆண். முதல் முறை கேட்டால் தலையசைப்பார். இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மூன்றாம் முறை ‘என்னம்மா விஷயம்’ என்று கேட்பார். விஷயத்தைச் சொல்வதற்குப் பதில் அவள் இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

அந்த மூன்றாவது கேள்விதான் இந்தப் பிரச்சினையைப் பெண் பிரச்சினை ஆக்குகிறது. நிற்பது ஆணுக்கும் கஷ்டம்தான். சட்டைப் பிரிவில் நிற்கும் பையன்களும் பன்னிரண்டு மணிநேரம்தான் நிற்கிறார்கள். நம் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தைப் போல் பெண்ணுக்கு மட்டும் என்று சொல்லாமல் எல்லா ஊழியருக்கும் என்று சொன்னது, என் பார்வையில், சரியான முடிவு. பெண்ணுக்கு மட்டும் என்றிருந்தால், ‘பெண் ஆளை எடுத்தால் நாற்காலி செலவு’ என்று கணக்குப் போடுபவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் உத்தரவு கேட்டு நிற்பவர் பெண், உத்தரவு கொடுப்பவர் ஆண் என்ற அமைப்பு பெரும்பாலான தளங்களில் மாறவில்லை. ஓய்வு வேண்டும் என்று கேட்பதே தன் உடம்பைப் பற்றி ஓர் ஆணிடம் பேசுவதாக ஆகிவிடுகிறது. அதை வைத்து வழிசலாகப் பேசுகிறவர்கள் உண்டு. அதற்கு 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருக்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். என் சித்தி மகளின் கடையில் பல நூறு பேர் வேலை செய்தார்கள். அப்படியொரு குழு இருக்கலாம் என்பதையே அவள் வேலையை விட்ட பிறகு என்னிடமிருந்துதான் கேள்விப்பட்டாள்.

கடையில் நின்றவள் வீட்டுக்குப் போய் எங்கே நிற்கிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பாட்டி உட்கார்ந்துதான் சமைத்தார். தரையில் மண் அடுப்பு, கால்களுக்கு நடுவே அரிவாள்மனை, எதிரே அம்மி. புகையில் கண் எரியும், முழங்கால் தேயும், சொர்க்கம் ஒன்றும் இல்லை. பிறகு கேஸ் அடுப்பு வந்தது, அதற்கு மேடை வந்தது, மிக்ஸியும் கத்தியும் மேடையேறின, அவற்றோடு பெண்ணும் எழுந்து நின்றாள். மேடைச் சமையலை முன்னேற்றம் என்கிறோம். பலவகையில் அது உண்மைதான். ஆனால் லட்சக்கணக்கில் மேடை கட்டிய நாம், அதற்கு ஏற்ற உயரத்தில் ஒரு ஸ்டூலைச் சமையலறையில் போட்டிருக்கிறோமா? சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி வாங்குகிறோம். அவளோ எல்லோருக்கும் தோசை சுட்டுப் போட்டுவிட்டு, கடைசித் தோசையை மேடையோரம் நின்றபடியே பிய்த்துத் தின்கிறாள். கடைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த நிற்பு காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடிகிறது. நடுவே உட்காரக் கிடைப்பது பஸ்ஸில், அதுவும் இடம் இருந்தால்.

சட்டம் வந்த பிறகு என்ன ஆனது? சில கடைகளில் மாற்றம் தெரிகிறது. கூட்டம் இல்லாத பிற்பகலில் பெண்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உட்கார விடுகிற முதலாளிகள் சட்டத்துக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் நல்ல மனத்தை நம்பி இருப்பதானால் சட்டம் எதற்கு? ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்கக்கூடியது நாற்காலியை மட்டுமே. அவர் வந்துபோகும் அரைமணி நேரத்தில், ஒரு பெண் நேற்று எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்பதை அளக்க வழியில்லை. அவளிடம் கேட்டால், ‘உட்காருகிறோம் சார்’ என்பாள். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருப்பார். மிட்டாய்த் தெருவிலும் திருச்சூரிலும் சட்டத்துக்கு முன்னால் ஒரு சங்கம் வந்தது. இங்கே சங்கம் இல்லாமலே சட்டம் வந்துவிட்டது. கடை விடுதியில் தங்கும் பெண்களிடம் சங்கத்தைப் பற்றிப் பேச வெளியாள் ஒருவர் உள்ளே போவதுகூட எளிதல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதே கேள்வி அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருக்கை தர வேண்டும் என்று அங்கே ஒரு விதி. மருந்துக் கடைக் கல்லாவில் நின்றவர்களும் வங்கிக் காசாளர்களும் வழக்குப் போட்டார்கள். ஊழியர் நிற்பதையே நாங்கள் விரும்புகிறோம் என்பது நிறுவனங்களின் வாதங்களில் ஒன்று. 2016 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, முதலாளியின் விருப்பம் மட்டும் அதை முடிவு செய்யாது என்றது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் செய்யும் வேலைகளை உட்கார்ந்தபடி செய்ய முடியுமா என்பதை, எல்லாச் சூழலையும் வைத்து, வெளியிலிருந்து பார்க்கிறவர் ஒத்துக்கொள்ளும்படி எடைபோட வேண்டும் என்றது. இருக்கை தரவே முடியாது என்று சொல்கிற முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும். 22-அ பிரிவின் கீழ் நாம் எழுதிக்கொள்ளக்கூடிய விதிகளுக்கு இது நல்ல பாடம். வாடிக்கையாளர் முன்னால் இல்லாத நேரமெல்லாம் உட்காரும் நேரம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். மடிப்பது, விலைச்சீட்டு ஒட்டுவது, பட்டியல் சரிபார்ப்பது போன்றவற்றை உட்கார்ந்தே செய்யலாம் என்று பெயர் சொல்லிக் குறிக்கலாம். கழிப்பறைக்குப் போக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சேர்க்கலாம். காசு செலவாகாத விதிகள் இவை. இதனால் முதலாளிக்குப் பண நஷ்டம் ஏதும் வரப்போவதில்லை, போவது கண்காணிப்பில் ஒரு சிறு பகுதி. எதிர்ப்பு வருவதானால் அதற்காகத்தான் வரும்.

என் சித்தி மகளிடம், சட்டம் வந்ததும் உங்கள் தளத்தில் நாற்காலி போட்டார்களா என்று கேட்டேன். போட்டார்கள் அக்கா, இரண்டு என்றாள். ஒன்றில் சூப்பர்வைசர் தன் பையை வைத்தார். இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அப்படியானால் ஆறு வருடமும் நின்றேதான் இருந்தாயா என்றேன். சிரித்தாள். அலமாரியில் கீழ்த்தட்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை அடுக்க வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், அதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றாள். ஆகவே அந்தத் தளத்துப் பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கீழ்த்தட்டுப் புடவைகளை வரிசையாக அடுக்கி முடித்துவிட்டு எழுந்து போவாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் அடுத்தவள் வந்து, நின்றபடியே காலால் அதைக் கலைத்துவிடுவாள். பிறகு உட்கார்ந்து அடுக்குவாள்.